வாரண்டி முடிந்த மினி எக்ஸ்கவேட்டர்: ஏஜென்டா, வெளி போர்மேனா, சொந்தக் கையா?

மூன்று டன், ஐந்து டன் மினி எக்ஸ்கவேட்டர் ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு லோங்காங் (வடிகால்), குழாய்ப் பள்ளம், வீட்டு அஸ்திவாரம் என்று கோலாலம்பூரைச் சுற்றி ஓடும் சிறு குத்தகையாளர்கள் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். வாரண்டி முடிந்துவிட்டது. மெஷின் கம்பெனியின் ஏஜென்ட் அனுப்பிய கொட்டேஷன் கையில் இருக்கிறது. செகாம்புட் பக்கத்திலிருந்து வரும் போர்மேன் (தனி மெக்கானிக்) அதில் பாதிக்கே முடித்துத் தருகிறேன் என்கிறார். மெஷின் ஓட்டும் பையனோ, "எண்ணெய் மாத்த எதுக்கு அண்ணே ஆளு, நானே செய்றேன்" என்கிறான்.

மூவரும் சொல்வது அவரவர் வேலைக்குச் சரிதான். மெஷினை மொத்தமாக ஒருவரிடம் ஒப்படைக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டரும் வேலையின் வகையும். வெறும் மண் தோண்டும் மெஷினும், பிரேக்கர் மாட்டி சிமெண்ட் உடைக்கும் மெஷினும் ஒரே மாடலாக இருந்தாலும் பராமரிப்புக்கு வெவ்வேறு மெஷின்கள். தோண்டும் வேலைக்கு ஹைட்ராலிக் எண்ணெய் 1,000 மணி நேரம் தாங்கும் என்று கையேடு சொன்னால், வேலையில் பாதி பிரேக்கர் என்றாகும்போது அதே கையேடு அந்தக் கணக்கைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். பிரேக்கரின் அதிர்வும் சூடும் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கின்றன. உளியைச் சுற்றி உள்ளே போகும் தூசு திரும்பு குழாய் வழியாகத் தொட்டிக்கு வந்து சேருகிறது.

இரண்டாவது, மெஷின் நிற்கும் நாளின் விலை. ஒரு நாள் வாடகை வருமானம் 500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவான ஆள் மூன்று நாள் கழித்து வந்தால் 1,500 ரிங்கிட் ஏற்கெனவே போய்விட்டது. சைட்டில் சும்மா நிற்கும் லோரியும் கூலியாட்களும் அதற்கு மேல். கொட்டேஷன்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியைச் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, எஞ்சின் எந்தத் தலைமுறை என்பது. மெக்கானிக்கல் பம்பு வைத்த பழைய மூன்று, நான்கு சிலிண்டர் டீசலை ஸ்பானர் தெரிந்தவர் கையாளலாம். கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சினும் திரையில் பிழைக் குறியீடும் வந்துவிட்டால் கம்பெனி மென்பொருள் இல்லாதவர் ஊகித்துத்தான் வேலை செய்வார்.

நான்காவது, பதிவு. நாளைக்கு விற்கும்போது யார், எந்த மணியில், எதை மாற்றினார் என்று காட்டும் தாள் இருக்கிறதா?

## ஏஜென்ட் சர்வீஸ்

இங்கே வாங்குவது திறமையை மட்டும் அல்ல, தகவலையும். உங்கள் மெஷினின் சீரியல் எண்ணைக் கொடுத்தால் சரியான பாக எண், முறுக்கு அளவு, அழுத்த அளவு எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். பம்பின் அழுத்தத்தை மீட்டர் மாட்டி அளந்து, அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வைக் கையேட்டு அளவுக்கு வைக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. பயணக் கட்டணம்: டிப்போவிலிருந்து சைட்டுக்கு வந்து போகும் நேரமும் மணிக்கணக்கில் பில்லில் ஏறும். சேவை வரி: 2024 மார்ச் 1 முதல் பழுதுபார்ப்பும் பராமரிப்பும் 8 விழுக்காடு சேவை வரிக்குள் வந்துவிட்டன. பதிவு பெற்ற நிறுவனம் அதை வசூலித்தே ஆக வேண்டும், சிறிய பட்டறைகள் பல பதிவுக்கான வருமான வரம்புக்குக் கீழே இருக்கின்றன. கடைசியாக, பாகத்தை முழுத் தொகுதியாகவே மாற்றும் பழக்கம். மேல்பாகத்திலிருந்து டிராக்குக்கு எண்ணெய் கடத்தும் ஸ்விவல் ஜாயிண்டில் சீல் போனால் சீல் கிட் போதும் என்ற இடத்தில், முழு ஜாயிண்டுக்கும் கொட்டேஷன் வரலாம். "சீல் கிட் மட்டும் தனியாக உண்டா?" என்று கேட்பது உங்கள் வேலை.

ஜப்பானிலிருந்து பழையதாக இறக்குமதியான ரீகொண் மெஷினுக்கு இந்த வழி சுளுவாக அமையாது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த மாடலின் பாகப் பட்டியல் இங்குள்ள ஏஜென்டின் கணினியில் இல்லாமல் போகலாம். அப்படி வாங்கியவர்கள் கொட்டேஷன் கேட்கும் முன்னரே சீரியல் எண்ணை அனுப்பி விசாரித்துவிடுவது நல்லது.

## வெளி போர்மேன்

போனில் கூப்பிட்டால் மாலைக்குள் வேனில் வந்து நிற்பது இவருடைய பெரிய பலம். வெடித்த ஹோஸ், கசியும் சிலிண்டர், சுற்றாத ஸ்டார்ட்டர், தேய்ந்த பின்னுக்குப் புது புஷ் (உள்வளையம்) கடைந்து போடுவது, பக்கெட் பல்லுக்கு வெல்டிங் எல்லாம் இவர் கைக்குப் பழகிய வேலைகள். சான் சௌ லின், பாலக்கோங் பக்கத்துக் கடைகளில் எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் அவரை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஹோஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வெடித்ததைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அதே நீளத்தில் புதிது அழுத்திக்கொண்டு வருவார். ஜப்பான் மெஷின்களில் திருகு மறை ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உட்காரும் கூம்பு 30 பாகையாகவோ 60 பாகையாகவோ இருக்கலாம். தவறான கூம்பைப் போட்டு இறுக்கினால் அன்றைக்குக் கசியாமல் இருக்கும், இரண்டு வாரத்தில் வியர்க்கத் தொடங்கும். இன்னும் இறுக்கினால் நட்டு விரிசல் விடும். நல்ல போர்மேன் பழைய முனையைக் கூடவே எடுத்துப்போய்க் கூம்பை ஒப்பிடுவார். சின்சாயாக, ஏனோதானோவென்று வேலை செய்கிறவர் மறையை மட்டும் பார்ப்பார்.

இன்னொரு சோதனை: ஹைட்ராலிக் குழாயைக் கழற்றியதும் திறந்த வாயில் என்ன செய்கிறார்? மூடி போடுகிறாரா, பிளாஸ்டிக் பையைக் கட்டுகிறாரா, அப்படியே மண் தரையில் போட்டுவிட்டுச் சிகரெட் பற்ற வைக்கிறாரா? கண்ணுக்குத் தெரியாத மணல் போதும், பிஸ்டன் பம்பின் வழவழப்பான முகத்தில் கோடு விழ. பூச்சோங், சுங்கை பெசி வட்டாரத்துப் பழைய ஈயச் சுரங்க நிலங்களில் இருப்பது அப்படிப்பட்ட கூர்மணல்தான். சைட்டிலேயே பம்பைப் பிரிக்கிறேன் என்று சொல்கிறவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

மறைமுகச் செலவு நோய் கண்டறிவதில் இருக்கிறது. "ஒரு பக்க டிராக் மெதுவாக ஓடுகிறது" என்றதும் "பம்பு போச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. கூப்பிடும் முன்னர் பத்து நிமிடம் செலவழித்து நீங்களே இதைப் பாருங்கள்:

- மெதுவாக இருப்பது ஒரு டிராக் மட்டுமா, கூடவே பூமோ (பெரிய கை) ஆர்மோ (முன் கை) மெதுவாகிறதா? இரண்டும் சேர்ந்து மெதுவானால் இரண்டுக்கும் பொதுவான பம்பைச் சந்தேகிக்கலாம். எந்தப் பம்பு எதற்கு எண்ணெய் கொடுக்கிறது என்று கையேட்டில் உள்ள ஹைட்ராலிக் படம் சொல்லும்.
- டிராக் மட்டும், முன்னும் பின்னும் இரண்டு திசையிலும் மெதுவா? டிராக்கை ஓட்டும் டிராவல் மோட்டார் அல்லது நடுவில் உள்ள ஸ்விவல் ஜாயிண்ட் சீல்.
- ஒரு திசையில் மட்டுமா? கன்ட்ரோல் வால்வு ஸ்பூல் (உள்ளே நகரும் தண்டு), அல்லது லீவருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இணைப்பு.
- எஞ்சின் ஓடுகிறது, ஆனால் எந்த லீவருக்கும் அசைவே இல்லையா? பாதுகாப்பு லீவரின் சுவிட்ச், அதன் ஒயர், ஃபியூஸ் மூன்றையும் முதலில் பாருங்கள். ஒரு ஃபியூஸுக்காக அழைப்புக் கட்டணம் கட்டிய முதலாளிகள் இந்த ஊரில் குறைவில்லை.

இந்தத் தகவலோடு பேசினால் போர்மேனும் வேறு மாதிரிப் பேசுவார்.

## சொந்தக் கை

ஏஜென்டோ போர்மேனோ தினமும் காலை ஏழரைக்கு உங்கள் சைட்டில் நிற்கப்போவதில்லை. ஆகவே தினசரி வேலை எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் உங்களுடையதுதான். அதைச் செய்யாத மெஷினை எந்த சர்வீஸ் ஒப்பந்தமும் காப்பாற்றாது.

பதினைந்து நிமிடம் போதும். எஞ்சின் எண்ணெய், கூலண்ட், ஹைட்ராலிக் அளவு மூன்றும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹைட்ராலிக் அளவுக்கு மெஷின் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதற்குக் கையேட்டில் படம் இருக்கும். சிலிண்டர்கள் நீண்டிருக்கும்போது தொட்டியில் அளவு குறைவாகக் காட்டும், அதை நம்பி ஊற்றினால் பின்னர் மூச்சுத்துளை வழியே கக்கும். பூம், ஆர்ம், பக்கெட், பிளேடு பின்கள் எல்லாவற்றுக்கும் ஈ.பி. 2 லித்தியம் கிரீஸ், பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை. நீரிலும் சேற்றிலும் வேலை செய்த நாளில் மாலையிலும் ஒருமுறை. பக்கெட் பின்னில் ஒரு வாரம் கிரீஸ் தவறினால் புஷ் முட்டை வடிவத்துக்குப் போகத் தொடங்கும். அதன்பின் எவ்வளவு அடித்தாலும் ஆட்டம் நிற்காது.

மேல்பாகம் சுழலும் பேரிங்குக்குக் கையேடு சொல்லும் மணிக்கொருமுறை கிரீஸ். ஒரே இடத்தில் நின்று முழுவதையும் அடித்தால் கிரீஸ் ஒரு பக்கமே தேங்கும். 90 பாகை திருப்பி, எஞ்சினை நிறுத்தி, ஐந்தாறு அடி, மறுபடி 90 பாகை.

டீசல் பக்கம் இந்த நாட்டில் ஒரு தொல்லை. 2019 முதல் பெட்ரோல் பம்புகளில் விற்கும் டீசலில் பெரும்பாலும் 10 விழுக்காடு பாமாயில் பயோடீசல் கலந்திருக்கிறது. பயோடீசல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் ஊரின் புழுக்கத்தில், பாதி காலியான தொட்டியில் இரவு முழுக்க நீர் கோத்துக்கொள்ளும், அந்த நீரில் பாசி போன்ற கொழகொழப்பு வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். மாலையில் தொட்டியை நிரப்பி வைப்பதுதான் மருந்து. டீசல் திருட்டுக்குப் பயந்து யாரும் அதைச் செய்வதில்லை என்பதும் தெரிந்ததே. குறைந்தபட்சம் நீர்ப்பிரிப்பான் கிண்ணத்தையாவது காலையில் திறந்து விடுங்கள். நீர் அடியில் தங்கும், சிவப்பு வளையம் உள்ள மாடலில் வளையம் மேலே மிதந்தால் நீர் இருக்கிறது என்று பொருள்.

எஞ்சின் இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு சக்தி இழந்து, நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடுகிறதா? இன்ஜெக்டரைக் கழற்ற ஓடாதீர்கள். தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் நீர்ப்பிரிப்பான், பிறகு ஃபில்டர், பிறகு தொட்டி அடியிலுள்ள சல்லடை. ஃபில்டர் மாற்றும்போது புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பக்கூடாது. அது வடிகட்டாத டீசல், நேரே பம்புக்குள் போகும். மின் ஃபீட் பம்பு உள்ள மெஷினில் சாவியை 'ஆன்' நிலையில் அரை நிமிடம் வைத்தால் காற்று தானே வெளியேறும்.

ரப்பர் டிராக் இழுப்பும் சொந்தக் கைக்கு ஏற்ற வேலை. பூமையும் பிளேடையும் ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கி, நடு ரோலருக்கும் டிராக்கின் உட்பரப்புக்கும் இடையே உள்ள தொய்வை அளக்க வேண்டும். பல மாடல்களில் 10 முதல் 15 மில்லிமீட்டர், சிலவற்றில் கொஞ்சம் கூடுதல். அளக்கும் முன்னர் சேற்றைக் கழுவிவிடுங்கள். கிள்ளான் பக்கத்துக் கடற்களிமண் ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) அப்பிக்கொண்டால் டிராக் இறுக்கமாக இருப்பதுபோலவே ஏமாற்றும். தளர்த்தும்போது கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது, முகத்தையோ உடலையோ அதன் நேரே வைக்கவே கூடாது. உள்ளே உள்ள அழுத்தம் கிரீஸைத் தோலுக்குள் செலுத்திவிடும். புதிது வாங்கும்போது உள்பக்கத்தில் 300×52.5×80 என்பதுபோல அச்சிட்டிருப்பதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்: அகலம், இடைவெளி, கண்ணி எண்ணிக்கை.

எஞ்சின் எண்ணெய் மாற்றுவதும் பையன் செய்யக்கூடியதே, புது மெஷினானால் முதல் 50 மணியில், பிறகு கையேட்டுக்கு ஏற்ப 250 அல்லது 500 மணிக்கொருமுறை. டிராவல் மோட்டாரின் கியர் எண்ணெயைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ அரை லிட்டர்தான், மாடலைப் பொறுத்து மாறும், 90 கிரேடு. வடிமூடியைத் திறக்கும்போது அளவுக்கு மீறி, தண்ணீராக எண்ணெய் கொட்டினால் அது நல்ல செய்தி அல்ல. மோட்டார் சீல் போய் ஹைட்ராலிக் எண்ணெய் கியர் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போனை எடுங்கள்.

சொந்தக் கைக்கும் மறைமுகச் செலவு உண்டு. வடித்த எண்ணெய் சட்டம் பட்டியலிட்ட கழிவு (scheduled waste): எஞ்சின் எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305, ஹைட்ராலிக் எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 306, அழுக்குத் துணிக்கும் ஃபில்டருக்கும் எஸ்.டபிள்யூ. 410. 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி 180 நாளுக்குமேல் சேர்த்து வைக்கக்கூடாது, உரிமம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும். லோங்காங்கில் ஊற்றிச் சிக்கினால் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதற்கே போகும்.

## பக்கம் பக்கமாக

| | ஏஜென்ட் | வெளி போர்மேன் | சொந்தக் கை |
|---|---|---|---|
| வந்து சேரும் வேகம் | முன்பதிவு வேண்டும் | பெரும்பாலும் அன்றே | உடனே |
| கைக்கூலி | அதிகம், பயணமும் வரியும் சேரும் | குறைவு, பேரம் உண்டு | ஓட்டுநரின் நேரம் |
| பாகம் | அசல், சீரியல் எண்படி | அசல், மாற்று, பழையது மூன்றும் | நீங்கள் வாங்குவதைப் பொறுத்து |
| ஹைட்ராலிக் உள்வேலை | நம்பலாம் | ஆளைப் பொறுத்து | வேண்டாம் |
| பிழைக் குறியீடு | படிக்கும் கருவி உண்டு | சிலரிடம் | இல்லை |
| விற்கும்போது பதிவு | வலுவானது | ரசீது கேட்டு வாங்கினால் | நோட்டுப் புத்தகம் வைத்தால் |
| பழைய எண்ணெய் | அவர்கள் கொண்டுபோவார்கள் | கேட்டுக்கொள்ளவும் | உங்கள் தலையில் |

## யாருக்கு எது பொருந்தும்

புது மெஷின், 2,000 மணிக்குள், காமன் ரெயில் எஞ்சின், நான்கைந்து வருடத்தில் விற்கும் எண்ணம் என்றால் 500, 1,000 மணி சர்வீஸ்களை ஏஜென்டிடமே விடுங்கள். நடுவில் வரும் ஹோஸ், வெல்டிங் வேலைக்குப் போர்மேன். ஏஜென்டின் தாள்கள் விற்பனை நாளில் பேசும்.

மணி கூடிய பழைய மெஷின், அதுவும் மீட்டரை நம்ப முடியாத ரீகொண் என்றால் போர்மேன்தான் முதன்மை. அங்கே ஒரு செலவை மட்டும் குறைக்காதீர்கள்: தொட்டிக்குத் திரும்பும் எண்ணெயை வடிக்கும் ஹைட்ராலிக் ரிட்டர்ன் ஃபில்டர் அசலாகவே இருக்கட்டும். எஞ்சின் ஏர் ஃபில்டரில் நல்ல மாற்றுப் பிராண்டுகள் உண்டு, டிராக்கைத் தாங்கும் ரோலரிலும் ஐட்லரிலும் மாற்றுப் பாகம் போட்டு நிம்மதியாக ஓட்டலாம். மலிவான ரிட்டர்ன் ஃபில்டரின் பைபாஸ் வால்வு பலவீனமாக இருந்தால் அழுக்கு எண்ணெய் வடியாமலே சுற்றிவரும், வெளியே ஒன்றும் தெரியாது. பம்பு ஓலமிடும்போதுதான் தெரியும்.

பிரேக்கர் அதிகம் ஓடும் மெஷினுக்கு மணிக்கணக்கைக் கையேட்டின் பிரேக்கர் அட்டவணைப்படி எழுதி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். யார் சர்வீஸ் செய்தாலும் அந்தத் தாள்தான் முதலாளி.

மாதத்தில் நாலைந்து நாள்தான் மெஷின் ஓடுகிறது என்றால் இந்தக் கேள்வியே வேறு. சும்மா நிற்கும் மெஷினின் சீல் காயும், பேட்டரி இறங்கும், தொட்டியில் நீர் கோக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் லாபம். 2025 ஜூலை 1 முதல் வாடகையும் சேவை வரி வளையத்துக்குள் வந்துவிட்டதால், கொடுப்பவர் பதிவு பெற்றவரா என்று கேட்டுக் கணக்குப் போடுங்கள்.

ரிட்டர்ன் ஃபில்டரை யார் மாற்றினாலும் பழையதைத் தூக்கி எறியவிடாதீர்கள். கத்தியால் அதன் தாள் மடிப்பை வெட்டி, வெள்ளைத் துணியில் விரித்துப் பாருங்கள். கறுப்பு ரப்பர் துணுக்கு சிலிண்டர் சீல் தேய்வதைக் காட்டும். காந்தம் இழுக்கும் பொடி என்றால் இரும்புப் பாகம் எதுவோ உரசுகிறது. காந்தத்துக்கு ஒட்டாமல் பித்தளை நிறத்தில் மினுக்கும் பொடி என்றால் பம்போ மோட்டாரோ தேயத் தொடங்கிவிட்டது, அன்றைக்கே மெஷினை நிறுத்துங்கள். எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது, தொட்டி மூடியின் ரப்பரையும் சிலிண்டர் தண்டுகளின் தூசு சீலையும் பாருங்கள். படமெடுத்து, ஹவர் மீட்டர் எண்ணைப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த ஃபில்டரையும் அதேபோல வெட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள்.